ஃபீல்டு போஸ்டிங் வந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன ஏற்பாடு?

ராணுவத்திலிருக்கும் கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங் (களப்பணியிடம்), குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, மூன்றாவதும் ஏழாவதும் படிக்கும் பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்கு வந்தால் கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் இப்போதே கேவி (கேந்திரிய வித்யாலயா) மாணவர்கள் என்றால் பாதிக் கவலை விட்டது. குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாத இடத்துக்குப் போகும் படைவீரர், குடும்பத்தை எந்த ஊரில் குடிவைக்கிறாரோ அந்த ஊர் கேவியில், பழைய கேவி தந்த டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) காட்டிச் சேர்க்கலாம். போஸ்டிங் ஆர்டர் நகலும், அது குடும்பம் தங்க முடியாத இடம் என்று யூனிட் தரும் கடிதமும் கையில் இருக்கட்டும்.

வேறு பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வகுப்பில் காலியிடம் இருந்தால்தான் பேச்சே. இடம் இருந்தால் மத்திய அரசு ஊழியர், படைவீரர் பிள்ளைகளுக்கான முதல் பிரிவில் வருவீர்கள். அதற்குள் வரிசை, கடந்த 7 ஆண்டுகளில் எத்தனை மாறுதல் என்பதை வைத்து. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 6 மாதம் இருந்திருக்க வேண்டும், இரண்டு இடங்களுக்கும் நடுவே 20 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். மூன்று மாத கோர்ஸ் கணக்கில் வராது. ஒவ்வொரு மாறுதலுக்கும் தேதியோடு சான்று வாங்குங்கள். புதிய பள்ளி இடத்தை உறுதி செய்யும் முன் பழைய பள்ளியில் டி.சி. வாங்கிவிடாதீர்கள். அங்கே விட்ட இடம் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

கேவி கிடைக்காவிட்டால் அருகில் ஆர்மி பப்ளிக் ஸ்கூல் உண்டா என்று பாருங்கள். அதுவும் சிபிஎஸ்இ. மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் எனக்கு மூன்றாவது படிக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை, ஏழாவதுதான் கவலை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வடக்கே கன்டோன்மென்டில் (ராணுவக் குடியிருப்பில்) வளர்ந்த பிள்ளை வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும், எழுதச் சொன்னால் ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிடும். பாவம், மற்ற பாடங்களில் முதலாவதாக வரும் பிள்ளை தமிழ்த் தேர்வில் கூனிக்குறுகும். ஊர் மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே தினமும் அரைப்பக்கம் சொல்வதெழுதுதல் கொடுங்கள். ல, ள, ழ, பிறகு ர, ற, பிறகு ஒற்று என்ற வரிசையில் போனால் போதும்.

பிள்ளைகளின் படிப்புக்காக மத்திய அரசு ஊழியருக்குத் தரும் கல்விப்படியை விட்டுவிடாதீர்கள். 2024 ஜனவரி 1 முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய், மூத்த இரு பிள்ளைகளுக்கு. மாற்றுத்திறன் பிள்ளைக்கு இரு மடங்கு. பிள்ளை அங்கே படிக்கிறது என்று தலைமை ஆசிரியர் தரும் போனஃபைடு சான்று போதும், புத்தக பில் எல்லாம் சேர்க்க வேண்டாம். ஆண்டின் நடுவில் பள்ளி மாறினால் இரண்டு பள்ளியிலும் சான்று வாங்குங்கள். வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் விடுதிப் பள்ளி என்றால் விடுதி மானியம் தனி. மாதம் 8,437.50 ரூபாய் அல்லது உண்மைச் செலவு, எது குறைவோ அது. அதற்கு உணவு, தங்கும் செலவைச் சான்றில் தொகையாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இந்தப் படிக்கான கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். பிறப்புச் சான்றில் ‘எஸ். கவின்’, பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆவணத்தில்) ‘கவின் செந்தில்’, பள்ளியில் ‘கவின் எஸ்’. நம் இனிஷியல் வழக்கம் ராணுவ அலுவலகத்தில் புரிவதில்லை. கணவர் கிளம்பும் முன் யூனிட் கிளார்க்கிடம் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். அவர் மலைமேல் போனபிறகு ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.