செட் ஆகல

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மகள் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. வேலை எப்படி என்று கேட்டால் "செட் ஆகலப்பா" என்கிறாள். புதுச் செருப்பும் செட் ஆகல. டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரையும் செட் ஆகல. போன வாரம் வந்துபோன வரனும் செட் ஆகல. ஒரே சொல் இத்தனை தமிழ்ச் சொற்களைத் தின்றுவிடுமா? ஆங்கிலத்தில் அதற்கு என்னதான் பொருள்? அவளைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஆங்கிலத்திலேயே அது பெருந்தீனிக்காரச் சொல்தான். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் நானூறுக்கு மேல் பொருள் உண்டு. ஆனால் அது ஒரு சொல் அல்ல, இரண்டு.

சைதாப்பேட்டையில் காலை டிபனுக்கு உட்கார்ந்து "ஒரு செட்டு, வடகறி" என்றால் இரண்டு தோசை வருகிறது. அந்த செட், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்பது அதன் மூலப்பொருள். பல் செட், பம்பு செட், ரெண்டு செட்டு துணி, "அவன் காலேஜ்ல என் செட்டு" எல்லாம் இந்த வகை. பொருளோடு சேர்ந்து வந்த பெயர்கள். இவற்றால் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை.

இன்னொரு செட், பழைய ஆங்கிலத்தின் சொந்த வினை. 'உட்கார்' என்பதற்கான 'சிட்' இருக்கிறதல்லவா, அதன் பிறவினை. வகுப்பில் நீங்கள் எத்தனை முறை 'திருந்தினான், திருத்தினான்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள்! அதே உறவுதான். அமர்ந்தது சிட், அமர்த்தியது செட். கோடம்பாக்கத்தில் தெர்மாகோலிலும் பிளைவுட்டிலும் எழுப்பும் செட்டும் இந்த வழியில் வந்ததே.

போன ஏப்ரலில் வேளச்சேரியில் எங்கள் மொட்டைமாடி ஒழுகியது. காலை ஏழு மணிக்கே வந்த கொத்தனார், கலவையைக் கொட்டியதும் மட்டப்பலகையை இழுக்க ஆரம்பித்துவிட்டார். காபி கொண்டுபோனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெயில் ஏறுனா சீக்கிரம் செட் ஆயிடும் சார், அப்புறம் கரண்டி ஓடாது" என்றார். கட்டுமானத்துக்கு வாங்கும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், தண்ணீர் சேர்த்த முப்பது நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடக் கூடாது, அறுநூறு நிமிடத்துக்குள் இறுகி முடிந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இடைப்பட்ட நேரம்தான் அவர் பிழைப்பு. அவர் சொன்ன 'செட்' அச்சு அசலான ஆங்கிலப் பொருள்.

உங்கள் மகள் சொல்வது அதுவல்ல. 'இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை' என்பதை இன்றைய ஆங்கிலத்தில் 'செட்' வைத்துச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பொருள் நம் ஊரில் பிறந்தது. அதற்கு இலக்கணமும் நம்முடையது. ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் செட், செட்தான். நம்மிடம் வந்ததும் அது 'ஆகு', 'பண்ணு' என்று இரண்டு கைகளைப் பிடித்துக்கொண்டது. செட் ஆச்சு, செட் பண்ணான். தன்வினையும் பிறவினையும் தனித்தனியே வந்துவிட்டன. அவள் பேசுவது தமிழ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அமைந்தது, அமைத்தான் என்று இதே இரட்டை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. என் அம்மா வாயில் நாளுக்குப் பத்துமுறை வரும் சொல் அது. "நல்ல வீடா அமையணும்", "பொண்ணுக்கு இன்னும் அமையல", "வேலைக்காரங்க அமையறது கஷ்டம்டா." 'நீரின்று அமையாது உலகு' என்ற குறளில் இருக்கும் அதே சொல். 'இன்றியமையாத' என்று நாம் எழுதும்போதெல்லாம் அதைத்தான் எழுதுகிறோம். அம்மா 'அமையல' என்றால் அதில் தவறு யார் மேலும் இல்லை. வரன் மேலும் இல்லை, பெண் மேலும் இல்லை. நாள் வரவில்லை, அவ்வளவுதான். அந்த இதம் 'செட் ஆகல'வில் இல்லை. அதில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை எனக்குக் கேட்கிறது.

அடுத்து நீங்கள் சொன்ன பட்டியலைப் பாருங்கள். செருப்பு கடிக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வரன் பிடிக்கவில்லை, அல்லது ஜாதகம் பொருந்தவில்லை, அல்லது பேச்சு படியவில்லை. இவை வெவ்வேறு சங்கதிகள். செருப்பை மாற்றிக்கொள்ளலாம், மாத்திரைக்கு டாக்டரிடம் போக வேண்டும். வேலைக்கோ அவள் மனதில் இருப்பது என்னவென்றே உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடினால் அப்பாவுக்கு எது நோய், எது மனக்குறை என்று எப்படிப் புரியும்?

அதனால் திருத்த வேண்டாம். திருத்தினால் உங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வாள். "என்னம்மா செட் ஆகல?" என்று அவள் சொல்லாலேயே கேளுங்கள். மேனேஜர் கத்துகிறாரா, மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய்வருவது முடியவில்லையா, கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லையா? பதில் 'செட்' இல்லாமல்தான் வரும். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.