பேராசிரியர் அரசியலுக்கு வரலாமா?

கேள்வி: என் மகன் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறான். பேராசிரியராகவும் ஆக வேண்டுமாம், அரசியலுக்கும் போக வேண்டுமாம். கேட்டால், ஸ்காட்லாந்தில் ஜான் மெக்கின்டாஷ் என்று ஒருவர் இரண்டையும் செய்தார் என்கிறான். யார் அவர்? – ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: தம்பி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார் அம்மா. மெக்கின்டாஷ் 1929-ல் பிறந்தது நம் நாட்டுச் சிம்லாவில். எடின்பரோவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார், நைஜீரியாவின் இபாதானில் பேராசிரியராக இருந்தார். அப்போது நைஜீரியா கூட்டாட்சி நாடு என்பதால், மத்தியும் மாநிலமும் அதிகாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தார். 1966-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் நின்று, வயலும் மீன்பிடி ஊர்களும் கலந்த பெரிக், கிழக்கு லோதியன் தொகுதியை கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து பறித்தார். 1974 பிப்ரவரியில் தோற்று, அதே ஆண்டு அக்டோபரில் திரும்ப ஜெயித்தார்!

அவர் விடாமல் கேட்டது ஒன்றைத்தான். ஸ்காட்லாந்து நிர்வாகத்தைப் பார்க்கும் அலுவலகம் எடின்பரோவில் இருக்கிறது, அதிகாரிகளும் அங்கேயே இருக்கிறார்கள், ஆனால் அவர்களைக் கேள்வி கேட்க லண்டன் நாடாளுமன்றத்தை விட்டால் வேறு இடமில்லை, அப்படியானால் அந்த மக்களே தேர்ந்தெடுக்கும் சபை ஒன்று அங்கேயே ஏன் கூடாது? இதை 1968-ல் புத்தகமாகவே எழுதினார். அடுத்த ஆண்டுதான் இங்கே திருக்குவளைக்காரரான கலைஞர் மாநில சுயாட்சிக்காக ராஜமன்னார் குழுவை அமைத்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஆனாலும் தலைமடையில் மதகை வைத்திருப்பவர் நினைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் என்று வாழ்கிற நமக்கு அந்தக் கோரிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமைச்சர் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. சொந்தக் கட்சி அரசையே எதிர்த்துப் பேசுகிறவர், 1976-ல் ஒரு முக்கிய மசோதாவுக்கு வாக்களிக்காமல் உட்கார்ந்துவிட்டவர். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

ஒரு விஷயத்தைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மெக்கின்டாஷ் 1977-ல் எம்.பி.யாக இருந்துகொண்டே எடின்பரோவில் பேராசிரியரானார். இங்கே அரசுக் கல்லூரி வேலையில் சேர்ந்துவிட்டால் கட்சி அரசியலுக்கு நடத்தை விதிகள் இடம் தராது, ஆக முன்கூட்டியே யோசிக்கட்டும். அதுவரை ஊர் கிராம சபைக்குப் போகச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சபையில் தீர்மான நோட்டில் முதலில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம்தான் தீர்மானத்தை வாசித்தார்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் மட்டும், "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி அந்தப் பாட்டி பக்கத்தில் உட்கார வேண்டும்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்ததை அவர் பார்த்தாரா? – ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இல்லை. 1978 ஜூலையில் 48 வயதிலேயே போய்விட்டார். மறு ஆண்டு மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் 'வேண்டும்' என்றார்கள், ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்ததால் அது செல்லாமல் போனது. 1997-ல் திரும்பக் கேட்டபோது 74.3 சதவீதம். 1999-ல் எடின்பரோவில் சபை கூடியது.