சாவி தொலைந்த லாக் நட்: சுத்தியலை எடுக்கும் முன்

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது இன்னொருவர் ஓட்டி, நான் வாங்கிய கார். நான்கு அலாய் வீலிலும் தலா ஒரு நட் மட்டும் தலையில் நெளிநெளியாக வெட்டு விழுந்து வித்தியாசமாக இருக்கிறது. டயர் மாற்றப் போனபோதுதான் அது லாக் நட், அதற்குத் தனிச் சாவி உண்டு என்று தெரிந்தது. என்னிடம் சாவி இல்லை, விற்றவரும் கையை விரித்துவிட்டார். உளி வைத்து அடித்தால் வந்துவிடும் என்கிறார் ஒரு மெக்கானிக். சரி சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். லாக் நட்டைத் திருடன் கழற்றக் கூடாது என்றே கடினமான எஃகில் செய்கிறார்கள், உளி அதில் எளிதாக ஏறாது, வழுக்கினால் அடுத்த அடி அலாய் மேல்தான் விழும்.

முதலில் இன்னொரு முறை தேடுங்கள். ஏற்கெனவே தேடியிருப்பீர்கள், ஆனால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் தேடினால் கையில் பட்டாலும் ஏதோ இரும்புத் துண்டு என்று ஒதுக்கிவிடுவோம். அது பூட்டுச் சாவி மாதிரி இருக்காது. ஏறக்குறைய கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டை இரும்பு, ஒரு முனையில் வீல் ஸ்பேனர் மாட்டுவதற்கு ஆறு பட்டை, மறுமுனையில் உங்கள் நட்டின் தலையில் உள்ள நெளிவுக்குச் சரியாகப் பொருந்தும் எதிர் நெளிவு. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் உட்கார்ந்திருக்கும் தட்டை முழுசாக வெளியே எடுங்கள், சில கார்களில் சாவிக்கென்றே அதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். டேஷ்போர்டு பெட்டி, கையேடு வைத்த உறை, டிக்கியின் பக்கவாட்டு மூடிகள், சீட்டுக்கு அடியில், எதையும் விடாதீர்கள். அப்புறம், இந்த வண்டிக்குக் கடைசியாக டயர் வேலை எங்கே நடந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் சாவியை, நட்டைத் திருப்ப மாட்டும் குழல் போன்ற சாக்கெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவது ஒர்க்ஷாப்புகளில் சாதாரணம், அதனால் அங்கே ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

கிடைக்கவில்லையா, அடுத்து எண்ணைத் தேடுங்கள். லாக் நட் செட்டோடு ஒரு சின்ன அட்டையோ ஸ்டிக்கரோ வரும், அதில் குறியீட்டு எண் இருக்கும். பெரும்பாலும் கையேட்டுக்குள் செருகிவைத்திருப்பார்கள். அந்த எண் இருந்தால் புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுக்கலாம். எண்ணும் இல்லை என்றால் வண்டியை அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். கம்பெனி பொருத்திய லாக் நட்டாக இருந்தால் அந்த பிராண்டில் வரும் வடிவங்களின் சாவிகளை மொத்தமாக ஒரு பெட்டியில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துப் பொருந்துவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வண்டி உங்களுடையதுதான் என்பதற்கான பேப்பரைக் கையோடு கொண்டுபோங்கள், கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். வெளியே வாங்கி மாட்டிய நட் என்றால் அதைச் செய்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் சில நாள் ஆகலாம். பரவாயில்லை, காத்திருங்கள். ஆனால் டயரில் காற்று நிற்கிற இப்போதே இதை முடித்துவிடுங்கள், நடுராத்திரி, நெடுஞ்சாலை ஓரம், பஞ்சரான வீல், கையில் சாவி இல்லை என்ற நிலைமையில் யார் வந்து எதை வைத்து அடித்தாலும் நீங்கள் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: சாவிக்கு வழியே இல்லை என்று ஆகிவிட்டது. வீல் கெடாமல் நட்டை எடுக்க என்ன வழி?

பதில்: இதற்கென்றே ஒரு வகை சாக்கெட் விற்கிறது. உள்பக்கம் வழவழப்பாக இல்லாமல் சுருள் சுருளாகக் கூர்விளிம்புகள் இருக்கும், நட்டின் தலைமேல் வைத்து அடித்து இறக்கிவிட்டு இடப்பக்கம் திருப்பினால் திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். நட்டின் தலையைவிட ஒரு பொடி சின்னதாகப் பார்த்து எடுங்கள், கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் அது வேலைக்கு ஆகாது. அலாய் வீலில் நட் ஒரு குழிக்குள் இருக்கும், சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருந்தால் குழியின் ஓரத்தை உராயும், அதையும் முதலிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நட் இளகிய பிறகுதான் ஜாக்கி. மற்ற நட்டுகள் இறுக்கமாகவே இருக்கட்டும். அவற்றை முதலில் கழற்றிவிட்டால் வீலின் பிடிப்பு முழுக்க லாக் நட் ஒன்றின் மேலேயே வந்துவிடும், அப்புறம் அது அசையவே அசையாது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள், கடினமான எஃகை அடிக்கும்போது தெறிக்கிற சில்லு கண்ணுக்குத்தான் வரும். நீளமான கம்பியை மாட்டி நிதானமாக அழுத்துங்கள், 'டக்' என்று ஒரு சத்தம் வரும், துரு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

சில லாக் நட்டுகளில் தலையைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுழலும், அடித்து ஏற்றுகிற சாக்கெட்டை ஏமாற்றத்தான் அது. சுழல்கிறது என்று தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள், லாக் நட் எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் தனிக் கருவி இருக்கும். தலையைத் துளைபோட்டு எடுப்பதும் அவர்கள் வேலைதான், சாதாரண டிரில் பிட் அதில் மழுங்கிப்போகும்.

நெருப்பு காட்டிச் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். சூட்டில் டயர் வெடிக்கும், ஆள் உயிர் போகும். காற்றை இறக்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டும் செய்யக் கூடாது.

கேள்வி: எனக்கு சாவி இருந்தது சார், ஒர்க்ஷாப்பில் ஏர் கன் வைத்துக் கழற்றும்போது உடைந்துவிட்டது. தரம் சரியில்லாத சாவியா? இனிமேல் லாக் நட்டே வேண்டாமா?

பதில்: சாவியை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த நெளிவுகள் மெல்லியவை, ஏர் கன் தொடர்ந்து தட்டுகிற தட்டு அவற்றுக்கு ஆகாது. லாக் நட்டை எப்போதும் கையால்தான் கழற்றவும் மாட்டவும் வேண்டும், கழற்றும்போது அதுதான் முதலில், மாட்டும்போது அதுதான் கடைசியில். சர்வீஸுக்கு விடும்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

விலை கூடிய அலாய் என்றால் நான் லாக் நட் போடத்தான் சொல்வேன், சாதாரண இரும்பு வீலுக்கு அவசியமில்லை. எதைப் போட்டாலும் மரை, நீளம், உட்காரும் பகுதியின் வடிவம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 12 மில்லிமீட்டர் நட்டிலேயே மரை வரிகளின் இடைவெளி 1.25 மில்லிமீட்டரும் உண்டு, 1.5 மில்லிமீட்டரும் உண்டு, மாற்றி மாட்டினால் நட் ஏறும் ஸ்டட் (மரைக் கம்பி) காலி. கூம்பாக உட்கார வேண்டிய இடத்தில் உருண்டையாக உட்காரும் நட்டைப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஓட ஓட இளகிவிடும். கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், மரையில் எண்ணெய் தடவாதீர்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவில் மறுபடி ஒரு முறை சரிபாருங்கள்.

புதுச் சாவி கைக்கு வந்ததும் அதன் எண்ணை போனில் படம் எடுத்துவிட்டு, அட்டையை வண்டியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். சாவியின் இடம் ஜாக்கிக்குப் பக்கத்தில்.