லைக் நூறு, ஆர்டர் ஆறு

கேள்வி: இரண்டு வருடமாக டெரகோட்டா நகை செய்கிறேன். மண் பக்கத்திலேயே கிடைக்கிறது. உமியும் வரட்டியும் போட்டு வீட்டுக் கொல்லையில்தான் சுடுகிறேன். பதக்கமும் ஜிமிக்கியும் சேர்ந்த ஒரு செட் செய்ய மூன்று மணி நேரம் ஆகிறது. 250 ரூபாய்க்குத் தருகிறேன், தபால் செலவும் என்னுடையதே. இன்ஸ்டாகிராமில் 900 பேர் பின்தொடர்கிறார்கள். படம் போட்டால் நூறு லைக் விழுகிறது, ஆனால் மாதம் ஆறேழு செட்தான் போகிறது. அதிலும் ஒன்றிரண்டு உடைந்து போய்ச் சேர்கிறது. பணம் கட்டி விளம்பரம் செய்தால் வியாபாரம் கூடுமா? ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?
– வாசகி, மானாமதுரை

பதில்: விளம்பரத்தை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள், சகோதரி. இன்றைய விலையில் ஆர்டர் கூடினால் உங்கள் முதுகுவலிதான் கூடும். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

செலவு விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. அதனால் தோராயமாகப் போடுகிறோம், உங்கள் எண்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். மண், அக்ரிலிக் வண்ணம், வார்னிஷ், ஹூக், கழுத்தில் கட்டும் டோரிக் கயிறு எல்லாம் சேர்த்து 45 ரூபாய். உமி, வரட்டியில் ஒரு செட்டின் பங்கு 10. உங்கள் உழைப்புக்கு மணிக்கு வெறும் 80 ரூபாய் வைத்தாலும் 240. ஆக 295. காயும்போதும் சுடும்போதும் பத்தில் ஒன்று வீணாகும், அந்த நஷ்டத்தை மற்ற ஒன்பதும்தான் சுமக்க வேண்டும். எனவே 295-ஐ 0.9-ஆல் வகுத்தால் 328. பெட்டிக்கும் பொதிக்கும் 35 சேர்த்தால் 363. தபாலுக்கு 70 என்றால் 433. நீங்கள் வாங்குவது 250. பொருள், பொதி, தபால் செலவைக் கழித்தால் மூன்று மணி நேர வேலைக்குக் கையில் நிற்பது 84 ரூபாய். மணிக்கு 28.

செட்டை 420 என்று வைத்துத் தபாலைத் தனியாக வாங்குங்கள், அல்லது எல்லாம் சேர்த்து 490 என்று போடுங்கள். 490 என்றால் ஓடிவிடுவார்களே என்று தோன்றும். சிலர் ஓடத்தான் செய்வார்கள். அவர்களுக்கென்று அரை மணியில் முடிகிற சின்னத் தோடுகளைச் செய்து, மூன்று ஜோடியாக ஒரே பெட்டியில் விற்கலாம். ஒற்றை ஜோடியாக அனுப்பினால் பொருளில் பாதி விலைக்குத் தபாலே வந்துவிடும். மூன்று ஜோடிக்கும் கிட்டத்தட்ட அதே தபால்தான்.

அடுத்தது, படத்தோடு விலையைப் போடுவது. 'விலைக்கு டி.எம். செய்யவும்' (அதாவது தனிச்செய்தி அனுப்பவும்) என்று எழுதும் பழக்கம் கைவினை விற்பவர்களிடம் எப்படியோ தொற்றிக்கொண்டது. விலை கேட்கக் கூச்சப்படுகிறவர், அதிகமாக இருக்குமோ என்று தயங்குகிறவர், இரவு பதினொன்றரைக்குப் பார்ப்பவர் எல்லோரும் லைக்கைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் நூறு லைக்கில் பலர் இந்த ரகம்தான். ஒவ்வொரு பதிவிலும் விலை, ஜிமிக்கியின் உயரம் சென்டிமீட்டரில், ஒரு காதுக்கு எத்தனை கிராம், எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்ற நான்கும் இருக்கட்டும். எடையை விடவே கூடாது. சுடுமண் என்றதும் வாங்குபவருக்கு முதலில் வரும் பயம், காது இழுக்குமே என்பது. சமையலறைத் தராசு வேண்டாம், ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்துக்குப் புதிய கேமரா தேவையில்லை. வெயில் நேரடியாக விழாத ஜன்னல், அதற்கு எதிர்ப்புறம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, துடைத்த லென்ஸ் இருந்தால் போதும். ஃபிளாஷ் போட்டால் வார்னிஷ் பளபளத்து வண்ணம் வெளுத்துவிடும். செல்பேசியை நகைக்கு மிக அருகில் கொண்டுபோனால் பதக்கத்தின் நடுப்பகுதி புடைத்துத் தெரியும். ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். திரையில் நகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், படத்துக்குப் படம் அது மாறாது. ஃபில்டர் கூடவே கூடாது. புடவைக்குப் பொருத்தமாக வாங்குகிறவருக்கு மயில்கழுத்துப் பச்சை, கிளிப்பச்சையாக வந்து சேர்ந்தால் அத்தோடு உறவு முடிந்தது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு படமாவது காதில், கழுத்தில் அணிந்ததாக இருக்கட்டும். முகம் காட்டப் பிடிக்காவிட்டால் காதும் தோளும் தெரிந்தால் போதும்.

உடைகிற விஷயத்தில் எல்லோரும் கூரியர்காரரைத்தான் திட்டுவோம். ஆனால் ஆறேழில் ஒன்றிரண்டு உடைகிறது என்றால் முதலில் சூளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். வண்ணம் பூசாத இரண்டு உருப்படிகளை லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வெந்திருக்கிறது, மொத்தென்றால் வேகவில்லை. ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விளிம்பை நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறதா? வேகவில்லை. இன்னொன்றை உடைத்துப் பாருங்கள். வெளியே சிவந்து நடுவில் கறுப்பாக இருந்தால் சூடும் காற்றும் உள்வரை போகப் போதிய நேரம் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் வரட்டியைக் குறைவாக வைத்துப் புகையவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் தீ மூட்டினால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி உருப்படியை வெடிக்கவைக்கும். தீ அணைந்ததும் கிளறி எடுக்காதீர்கள், மறுநாள் காலை வரை தானாக ஆறட்டும். சூட்டோடு எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறல்தான் மதுரை தாண்டிப் பெட்டிக்குள் உடைகிறது. கொக்கி போகும் துளையின் ஓரம் மெலிந்திருந்தாலும் இதே கதிதான்.

இனி பொதி. ஜிமிக்கியின் குடைக்குள் கசக்கிய டிஷ்யூ தாளை நிரப்புங்கள். ஒவ்வொரு ஜிமிக்கியையும் தனித்தனியாக பப்பிள் ராப்பில் சுற்றுங்கள், ஜோடியாகச் சுற்றினால் ஒன்றோடொன்று மோதும். உள்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. அதை நெளிவுள்ள அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தாள் திணியுங்கள். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து தரையில் ஆறு பக்கமும் ஒரு மூலையும் படும்படி போட்டுப் பாருங்கள். இதற்குத் தாங்காதது பயணத்துக்கும் தாங்காது. 'உடையும் பொருள்' என்று ஒட்டும் சிவப்புத் தாளை நம்பிப் பொதியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெட்டி பெரிதாகவும் இருக்கக்கூடாது. கூரியர் நிறுவனங்கள் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். 25×20×12 பெட்டி என்றால் 6000, அதாவது 1.2 கிலோ. உள்ளே இருப்பதோ 150 கிராம் நகை! அதே செட் 15×10×6 பெட்டிக்குள் அடங்கினால் 180 கிராம் கணக்குதான்.

ஆர்டர் எடுக்க வாட்ஸாப் பிசினஸ் போதும், இலவசம். அதன் கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் படமும் விலையும் ஏற்றிவிட்டால் கேட்கிறவருக்கு ஒரு இணைப்பை அனுப்பினால் தீர்ந்தது. லேபிள் வசதியில் 'பணம் வந்தது', 'வண்ணம் பூசணும்', 'அனுப்பியாச்சு' என்று மூன்று வைத்துக்கொண்டால் யாருக்கு எது என்ற குழப்பம் வராது. புதிய செட்டை ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க பிராட்காஸ்ட் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில், 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது வரவு முதலில் உங்களுக்கு' என்று ஒரு வரி எழுதுங்கள்.

பணம் முழுவதும் வந்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். 'அனுப்பிவிட்டேன்' என்று வரும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். போலி ஸ்க்ரீன்ஷாட் செய்வது சுலபம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. 'இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள், முன்பணம் வரும்' என்று மொத்த ஆர்டர் ஆசை காட்டி எவர் அழைத்தாலும் உடனே துண்டித்துவிடுங்கள். 'உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது' என்று இணைப்போடு வரும் செய்தியும் கணக்கைத் திருடும் வேலைதான். இன்ஸ்டாகிராமில் இரண்டடுக்குப் பாதுகாப்பை (கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்பது) இன்றே போட்டுவிடுங்கள். பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறை உங்களுக்கு வேண்டாம். வாங்க மறுத்துத் திரும்பினால் போன கூலி, வந்த கூலி இரண்டும் உங்கள் தலையில், உடைந்த ஜிமிக்கி உபரி.

இந்தத் தொழிலில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நவராத்திரி, தீபாவளி ஆர்டர் குவிவதும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். ஐந்து நாளில் நிழலில் காயும் மண், மழையில் பத்து நாளானாலும் ஈரம் விடாது. அவசரப்பட்டுச் சுட்டால் வெடிக்கும். அதனால் ஆடியிலிருந்தே அதிகம் போகும் நாலைந்து வடிவங்களைச் செய்து, சுட்டு, வண்ணம் பூசாமல் அடுக்கி வையுங்கள். வாங்குபவரின் புடவைப் படம் வந்ததும் வண்ணம் மட்டும் பூசினால் மூன்றாம் நாள் அனுப்பலாம். கொலு தாம்பூலத்துக்கோ கல்யாணத்துக்கோ ஐம்பது, நூறு தோடு என்று கேட்டால் பாதிப் பணம் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு மாதிரியைக் காட்டி வாட்ஸாப்பிலேயே 'சரி' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.க்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம். ஆனால் அரசு அறிவித்த பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு, பான் எண் உள்ளிட்ட சில நிபந்தனைகளுடன் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. உங்கள் நகை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும் என்பதை மட்டும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்க, 2023 அக்டோபர் 1 முதல் முழுப் பதிவு இல்லாத சிறு விற்பனையாளருக்கும் வழி திறந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். இருந்தாலும் அந்தத் தளங்களுக்கு இப்போதே ஓட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அங்கே அச்சில் போட்டெடுத்த தோடு உங்கள் கைவேலைக்குப் பக்கத்திலேயே பாதி விலையில் கிடக்கும். வெளிநாட்டு ஆசை இருந்தால் சற்றுப் பொறுங்கள்: அமெரிக்காவில் 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் நின்றுவிட்டது.

உங்கள் ஊர் பெயர் ஒரு சொத்து. மானாமதுரை என்றால் கடமும் பானையும் நினைவுக்கு வராத தமிழர் குறைவு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 'மானாமதுரையில் கையால் செய்தது' என்று தாராளமாக எழுதலாம், அது உண்மை. புவிசார் குறியீட்டு முத்திரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராம் பெயர்ப் பகுதி தேடலில் வரும் இடம். அங்கே அழகான கடைப் பெயரோடு 'டெரகோட்டா நகை, மானாமதுரை' என்பதையும் சேருங்கள். ரீல்ஸில் முடிந்த நகையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவதைவிட, சாம்பலுக்குள்ளிருந்து சிவந்த ஜிமிக்கி வெளியே வருவதைக் காட்டுங்கள். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டுகள் பலவற்றைப் போட முடியாது, அதற்காக வருந்தவும் வேண்டாம். தட்டினால் கணீர் என்கிற அந்தச் சத்தமே போதும், கூடவே நன்றாக வெந்ததற்குச் சாட்சி.

இவ்வளவும் சரியாகி, விலை தெரிந்தபின் விசாரிக்கும் பத்துப் பேரில் மூன்று பேர் வாங்கத் தொடங்கினால் விளம்பரத்துக்கு வாருங்கள். நன்றாக ஓடிய ஒரே ஒரு ரீலுக்கு, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஐந்து நாள். இலக்காக 'செய்தி அனுப்புதல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'புரொஃபைல் பார்வை' வேண்டாம். விளம்பரம் காட்ட வேண்டிய ஊர்கள் மதுரை, சென்னை, கோவை. ஐந்தாம் நாள் முடிவில் செலவை, விற்ற செட்டுகளால் வகுத்துப் பாருங்கள். 420 ரூபாய் செட்டில் அடக்கம் போக உங்களுக்கு மிஞ்சுவது 57 ரூபாய்தான்; விளம்பரம் அதற்கு மேல் தின்றால் நிறுத்திவிட்டு ரீலை மாற்றுங்கள்.