காசு கொடுத்து வாங்கியதையே போலி என்கிறதா கம்ப்யூட்டர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கடையில் பணம் எண்ணிக் கொடுத்து வாங்கிய விண்டோஸும் ஆபிஸும் திடீரென்று “நீ போலி” என்கின்றன. அதனால் சமையல் எரிவாயு, வங்கிக் கட்டணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளுக்காக டர்பன் டவுனில் ஒரு கடையில் இரண்டு பழைய லேப்டாப் வாங்கினோம், ஒன்று 4,200 ராண்ட். “எல்லாம் ஒரிஜினல், போட்டே தர்றோம்” என்றார்கள். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது இரண்டிலும் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக எழுத்து நிற்கிறது. வேர்டைத் திறந்தால் மேலே ஒரு பட்டை, உங்கள் உரிமம் அசல் இல்லை, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்கிறது. கடைக்காரர் ஒரு பென் டிரைவைக் காட்டி “அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம் அம்மா” என்கிறார். ரசீதில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று சீல் வேறு குத்தியிருக்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் அந்தப் பென் டிரைவை உங்கள் லேப்டாப் பக்கமே அண்ட விடாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அதில் என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாக உரிமம் வாங்குகின்றன. அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரிடம் அவ்வப்போது ஆஜர் கொடுக்க வேண்டும், 180 நாள் கொடுக்காவிட்டால் ஆக்டிவேஷன் காலாவதியாகிவிடும். இதற்கு கே.எம்.எஸ். என்று பெயர். கடைக்காரர்கள் ரகசியமாகப் போட்டுத் தரும் புரோகிராம் அந்த சர்வரைப் போல வேஷம் கட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. அதைப் போடுவதற்கு முதலில் வைரஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் புழங்குகிற, பெற்றோர் விவரமெல்லாம் சேமித்து வைத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் பாதுகாப்பை அணைத்துவிட்டு யாரோ எழுதிய புரோகிராமை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்படிப்பட்ட புரோகிராம்களோடு கடவுச்சொல் திருடும் சரக்கும் சேர்ந்து வருவது பலமுறை பிடிபட்ட விஷயம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் ஒட்டி அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். சில விநாடியில் ஒரு செய்தி வரும். இன்ன தேதியோடு காலாவதியாகிறது என்றோ, இன்ன தேதி வரைதான் என்றோ வந்தால் உங்களுக்கு விற்கப்பட்டது வீட்டுக்கான உரிமமே இல்லை. நிரந்தரம் என்று வந்தாலும் அதை வைத்தே அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், அதையும் ஏமாற்ற வழி இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் விண்டோஸின் பெயரையும் பாருங்கள். ‘என்டர்பிரைஸ்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கடையில் ஒற்றை ஒற்றையாக விற்கிற பதிப்பு அல்ல.

இந்த 180 நாள் கணக்கில்தான் சூட்சுமம். நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், 56ஆம் பிரிவில் என்ன சொல்கிறது என்றால், பொருள் தரமாக இல்லாவிட்டால் கையில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. ஆறு மாதமும் 180 நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதானே! கடையில் போட்ட தில்லுமுல்லு சாயம் வெளுக்கிற நாளும் உங்கள் 56ஆம் பிரிவு கையை விட்டுப் போகிற நாளும் அடுத்தடுத்து வருகின்றன. அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், லேப்டாப்பை வாங்கின அன்றே, கடையின் கவுன்டரிலேயே, மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உங்களுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. பரவாயில்லை. அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்கிறது என்று வாங்குபவர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது, அதற்கு இந்த ஆறு மாதக் கெடு கிடையாது. “சாஃப்ட்வேர் பொருளே இல்லை, சட்டம் செல்லாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘பொருள்’ என்பதற்கான விளக்கத்தில் மென்பொருளும் அதைப் பயன்படுத்தும் உரிமமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த ஃபுட்ஸ்டூட்ஸ் சீல் இருக்கிறதே, இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்கிற அந்தப் பழைய ஆப்பிரிகான்ஸ் சமாசாரம், அதற்கு இப்போது முன்போல் பல் இல்லை. இன்ன குறை இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லி, நீங்களும் தெளிவாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அது செல்லும். “விண்டோஸ் போலி, பரவாயில்லையா?” என்று அவர் கேட்டிருக்க மாட்டார் அல்லவா.

செய்ய வேண்டியது இதுதான். திரையில் வரும் செய்திகளையும் சோதனை முடிவையும் போனில் படம் பிடியுங்கள், தேதி தெரியட்டும். ரசீதின் எழுத்து மங்கிப் போகிற காகிதமாக இருந்தால் இன்றே அதையும் படம் எடுங்கள். பிறகு கடைக்காரருக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கினோம், அசல் என்று சொல்லி விற்றீர்கள், அசல் இல்லை, 14 நாளுக்குள் முறையான உரிமம் வாங்கித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்புவதில் மனசு ஆறும், வேறு பலன் இல்லை. அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை ஒம்பட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு. 20,000 ராண்ட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைத்துக்கொள்ளவே கூடாது, கடைக்காரரும் வைக்க முடியாது. ஆனால் ஒன்று, அங்கே தனிமனிதர்தான் வழக்குத் தொடுக்கலாம், சங்கமோ நிறுவனமோ தொடுக்க முடியாது. உங்கள் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கோயில் சங்கத்தின் பெயரில் என்றால் ஒம்பட்ஸ்மன் வழிதான் உங்களுக்கு. 56, 44 என்று நான் சொன்னதெல்லாம் சிறிய சங்கத்துக்கும் பொருந்தும். ஆண்டு வரவோ சொத்தோ 20 லட்சம் ராண்டைத் தொட்ட அமைப்புகளுக்குத்தான் அந்தச் சட்டம் கைகொடுக்காது. உங்கள் மண்டபம் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தால் சந்தோஷம், ஆனால் அப்படித் தெரியவில்லை.

கடைசியாக ஒரு நல்ல செய்தி இருக்கலாம். கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்களில் பெரும்பாலும் தயாரித்தபோதே அசல் விண்டோஸ் வந்திருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்தச் சாவி எண் அடியில் ஒட்டின ஸ்டிக்கரில் இருப்பதில்லை, மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். கடைக்காரர் அதற்கு மேல் தன் சரக்கைப் போட்டு மூடியிருப்பார். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே நிறுவும் கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி, முக்கியமானவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு, அழித்து மறுபடி போட்டால் பல நேரம் அதுவே தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். காசு செலவே இல்லை. ஆபிஸுக்கு மட்டும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

கேள்வி: இணையத்தில் 199 ராண்டுக்கு விண்டோஸ் சாவி எண் வாங்கினேன், மெயிலில் வந்தது. மூன்று மாதம் கழித்து எண் முடக்கப்பட்டதாகச் சொல்கிறது. ஏழு நாள் விதியில் பணம் திரும்பக் கிடைக்குமா?
— பீனிக்ஸ் வாசகர்

பதில்: கிடைக்காது. 2002ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் தரும் அந்த ஏழு நாள், மனசு மாறினால் திருப்பிக் கொடுப்பதற்கானது, அது எப்போதோ போய்விட்டது. உறை பிரித்த மென்பொருளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. ஆனால் முடங்கிப் போன எண்ணை விற்றது குறையுள்ள பொருளை விற்றதுதான், மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, 56ஆம் பிரிவு உங்களுக்கு உயிரோடு இருக்கிறது. விற்றவர் நம் நாட்டுக்காரராக இருந்தால் மேலே அம்மாவுக்குச் சொன்னபடியே கடிதம் போடுங்கள். எந்த ஊர் என்றே தெரியாத ஆளாக இருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் பரிவர்த்தனையை எதிர்த்துக் கேட்பதுதான் உள்ள ஒரே வழி. அப்படி 199க்கு வருவதில் பெரும்பாலானவை ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. நிறைய பேர் ஒரே எண்ணைப் போட்டதும் மைக்ரோசாஃப்ட் முடக்கிவிடும். தம்பி, விலையைப் பார்த்தபோதே உங்களுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்கும்!

கேள்வி: நான் முறையாகப் பெட்டியோடு வாங்கிய விண்டோஸ் அது. மதர்போர்டு மாற்றினதும் ஆக்டிவேட் ஆகவில்லை என்கிறது. அசலையும் போலி என்று சொல்லுமா?
— வெருலம் வாசகர்

பதில்: சொல்லும். 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரிலேயே கோளாறு வந்து, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர் ஒரு நாள் போலிக்காரர்கள் ஆனார்கள். உங்கள் விஷயம் அதைவிடச் சாதாரணம். விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் காண்பதே பெரும்பாலும் மதர்போர்டை வைத்துத்தான். நீங்கள் பெட்டியாக வாங்கியது தனி உரிமம், அதை வேறு போர்டுக்கு எடுத்துப் போகலாம். ஆக்டிவேஷன் பக்கத்தில் பிரச்சினை தீர்க்கும் பகுதியைத் திறந்து, சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் பெட்டியில் உள்ள 25 எழுத்து எண்ணை மறுபடி அடியுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த உரிமமாக இருந்திருந்தால் கதை வேறு, அது பழைய போர்டோடு போயிற்று.

கேள்வி: போலி என்று தெரிந்துவிட்டது. போலீஸ் வருமா?
— பெயர் வேண்டாம், மெரிபேங்க்

பதில்: வீட்டில் தெரியாமல் வாங்கி ஏமாந்தவரைத் தேடி வர மாட்டார்கள். 1997ஆம் ஆண்டின் போலிப் பொருள் சட்டம் குறி வைப்பது வியாபாரத்துக்காக வைத்திருப்பவரை, விற்பவரை. ஆனால் தெரிந்த பிறகும் அலுவலகத்தில் அதையே வைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் அது பதிப்புரிமை மீறல், “எனக்குத் தெரியாது” என்பது இனி எடுபடாது. கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒரு சின்ன அலுவலகம் இருக்கும்போல் தெரிகிறது. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இந்தத் தலைவலியே வேண்டாம் என்று இலவசமானதைப் போட்டால் தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: தாராளமாக. விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு இருக்கிறது, நம் நாட்டு வெல்கம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது, 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு, ஆபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், அது வேர்டு கோப்புகளைத் திறக்கும், சிக்கலான அட்டவணை இருந்தால் மட்டும் கொஞ்சம் கலைந்து போகும். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு மேம்பாடு 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது, பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறவும் ஏறாது. ஆகவே சாட்ஸ்வர்த் அம்மாவும் இதை யோசிக்கலாம். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வை-ஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று அதில் பார்த்துக்கொண்டு அப்புறம் நிறுவுங்கள்.