பிள்ளையின் சிகிச்சைக்குக் காசு சேர்க்க நோட்டீஸ் அடிக்க முதல்

கேள்வி: அக்காவின் மகனுக்கு இரண்டு வயது. ஈரல் மாற்ற வேண்டும், சென்னைக்குக் கொண்டு போங்கள் என்கிறார்கள். நாங்கள் முல்லைத்தீவு, அத்தானுக்குக் கூலி வேலை. ஊரிலும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் காசு சேர்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

தம்பி, நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். நான் கிளிநொச்சிப் பக்கம், ஊர் விளையாட்டுக் கழகத்தில் கன காலமாகப் பொருளாளர். இப்படிப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்த குழுக்களில் எல்லாம் காசுப் பையும் கணக்குக் கொப்பியும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். வன்னிச் சனம் இல்லை என்று சொல்லாது, கையில் இருப்பதைக் கொடுக்கும். பிறகு ஒருநாள் "அந்தக் காசு என்ன மாதிரிப் போனது" என்று கேட்கும். அப்போது காட்டுவதற்குப் பேப்பர் இருக்க வேண்டும். அதனால் காசுக்கு முதல் பேப்பர்.

சென்னைக்குப் போகச் சொன்னது யார்? பிள்ளையைப் பார்க்கும் சிறுவர் வைத்திய நிபுணரா, அல்லது "எனக்கு அங்கே ஆள் இருக்கிறது" என்று வந்த யாராவதா? இதயத்தில் ஓட்டை என்று கேட்டவுடனேயே இந்தியாவுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அந்தச் சத்திரசிகிச்சை இலவசமாகவே நடக்கிறது, காத்திருப்போர் பட்டியல்தான் நீளம். இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம அரச புற்றுநோய் வைத்தியசாலையில் காசு கட்டாமல் வைத்தியம் பார்க்கலாம். ஈரல் வேறு கதை, அதுவும் இந்த வயதில். பித்தக் குழாய் அடைபட்டுப் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பிறந்து இரண்டு மாதமளவில் ஒரு சத்திரசிகிச்சை செய்வார்கள், அது பிந்திப்போனால் அல்லது சரிவராவிட்டால் பிறகு மாற்றீரல்தான். உங்கள் மருமகனுக்கு என்ன வியாதி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், என்ன வியாதி, ஏன் இங்கே செய்ய முடியாது, எவ்வளவு அவசரம் என்று நிபுணரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கள். விசாவுக்கும் அதுதான், வெளிநாட்டில் இருப்பவர் கேட்கும்போது அனுப்பவும் அதுதான்.

அடுத்தது எஸ்டிமேட். டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் வடிவாகப் படம் பிடித்து (நிழல் விழாமல், தயவுசெய்து) சென்னையில் இரண்டு மூன்று ஹொஸ்பிட்டல்களின் வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் அனுப்புவார்கள். தமிழிலேயே போனில் கதைக்கலாம். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை, நடுவில் நிற்கிற சிலருக்கு ஆள் கொண்டு போனால் கொமிஷன் உண்டு, அது கடைசியில் பிள்ளையின் காசிலிருந்துதான் போகும். அதே மின்னஞ்சலில் அவர்களின் சமூகப் பணிப் பிரிவிடம் விலைக் கழிவு ஏதும் கிடைக்குமா என்றும் கேட்டு விடுங்கள், கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

ஈரல் மாற்றுக்கு அங்கே 20 லட்சம் இந்திய ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலேயோதான் சொல்வார்கள். கவனியுங்கள், இந்திய ரூபாய். ஒன்றுக்கு மூன்றரை என்று பார்த்தாலே எங்கள் காசில் 70 லட்சம். "20 லட்சம் தேவை" என்று மொட்டையாக அடித்த நோட்டீஸ்களைப் பார்த்திருக்கிறேன், ஊர் முழுக்கச் சேர்த்து முடித்த பிறகு "இன்னும் 50 லட்சம் வேண்டும்" என்றால் சனம் என்ன நினைக்கும்? இதற்கு மேல் அறை வாடகை, சாப்பாடு, மருந்து. சத்திரசிகிச்சை முடிந்ததும் வர விடமாட்டார்கள், மாதக் கணக்கில் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். காசின் பெறுமதி வேறு நிலையில்லாதது. 2022 பங்குனியில் 200 ரூபாயில் இருந்த டொலர் சித்திரைக்குள் 300ஐத் தாண்டிப் போனது, அந்த நேரம் காசு சேர்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் இலக்கு தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள், ஏன் கூட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது வன்னிக்கே உரிய தலையிடி. ஈரலின் ஒரு துண்டைக் கொடுக்கப் போவது அனேகமாக அக்கா அல்லது அத்தான். இரத்த வகை பொருந்துமா என்று இங்கேயே பார்த்து விடலாம். ஆனால் இந்தியாவின் 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுக்காரர் என்றால் தாயே பிள்ளைக்குக் கொடுத்தாலும் ஒரு அனுமதிக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அவர்கள் உறவுக்கு அத்தாட்சி கேட்பார்கள். எங்கள் ஆட்களிடம் என்ன இருக்கிறது? 2009 இல் பதுங்கு குழியிலும் முகாமிலும் தொலைத்தது போக மிஞ்சியது. ஒரு தாய் பொலித்தீன் பையைக் கொட்டிக் காட்டினார்: கிளினிக் கொப்பியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துக் கூட்டலில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயருக்கு நேரே வெறும் கோடு, ஏனென்றால் கலியாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கூடிக்கொண்டு போக அவர்கள் கச்சேரிக்கும் (மாவட்ட செயலகம்) பதிவாளரிடமும் அலைந்தார்கள். காசு பிறகும் வரும், இந்த அலைச்சலுக்குப் போகும் நாட்கள் திரும்பி வராது. இந்தக் கிழமையே மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தக் கொடுத்துவிட்டு, பிறகு கடவுச்சீட்டுக்கு வவுனியாவுக்குப் போங்கள். மருத்துவ விசாவில் போகும் நோயாளிக்குத் துணையாக இரண்டு பேர் போகலாம். கொடுப்பவரும் அங்கே கட்டிலில் கிடக்கப் போகிறவர்தான், அதனால் ஓடித் திரிய ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். அது நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், உங்கள் கடவுச்சீட்டையும் எடுத்து வையுங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை விமானம் 2022 மார்கழியில் மறுபடி தொடங்கியது நல்லதாய்ப் போயிற்று, வருத்தக்காரப் பிள்ளையோடு இரவிரவாகக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போகத் தேவையில்லை.

சரி, கணக்கு. அத்தானின் பெயரில் மட்டும் வேண்டாம், உங்கள் பெயரில் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்காவும் ஊரில் இரண்டு பேரும் (ஒரு அதிபர், ஒரு கோயில் தலைவர் மாதிரி) சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற மாதிரி ஒரு கூட்டுக் கணக்கு. நோட்டீஸில் ஜிஎஸ்ஸின் (கிராம சேவகர்) உறுதிக் கடிதமும் இருக்கட்டும். லமினேட் பண்ணிய ஹொஸ்பிட்டல் கடிதத்தோடு பஸ்ஸுக்கு பஸ் ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து சனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதில் எத்தனை உண்மை எத்தனை பொய் என்று யார் கண்டது. உங்கள் நோட்டீஸையே எடுத்துக் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் சரிபார்க்க ஒரு போன் இலக்கம் போடுங்கள், அந்த போனை எடுக்க ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

ஊரில் எப்போது கேட்பது என்பதும் முக்கியம். இரணைமடுவுக்குக் கீழேயும் முத்தையன்கட்டுப் பக்கமும் காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் விற்ற காசு கையில் இருக்கும். காசாக இல்லாவிட்டால் ஒரு மூட்டை நெல்லாகக் கொடுப்பார்கள், ஒரு லான்ட்மாஸ்டர் (சின்ன உழவு இயந்திரம்) பிடித்து ஏற்றி விற்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்புக்கும் பசளைக்கும் கடன்பட்டு நிற்கும் சனத்திடம் போய் நிற்பது பாவம். உங்கள் பக்கம் கடல் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர், "நாளைக்கு விடிய வரும் பாடு பிள்ளைக்கு" என்றார், அதாவது அன்று படுகிற மீன் முழுக்க. விடிய வலை இழுத்து வந்தால் மடியில் கிடந்தது கொஞ்சம் சாளையும் நண்டும்தான். விற்ற காசை எண்ணித் தந்துவிட்டு, கொப்பியில் எழுதப் போன என் கையைப் பிடித்து, "இதைப் போய் எழுதாதே அண்ணை, அடுத்த கிழமைப் பாட்டையும் சேர்த்து எழுது" என்றார். நான் அன்றையதையும் எழுதினேன். இருபது ரூபாய் போட்டவரையும் எழுத வேண்டும், அதைக் கிழமைக்கு ஒருமுறை கடையிலோ கோயிலிலோ ஒட்ட வேண்டும். பெயர் வேண்டாம் என்பவரை "ஒரு அன்பர்" என்று போடலாம்.

வெளிநாட்டுக் காசைப் பற்றி. இணையத்தில் காசு சேர்க்கிற கோஃபண்ட்மீயில் இலங்கையிலிருந்து நேரடியாகத் தொடங்க முடியாது. கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் மாதிரி நாட்டில் வங்கிக் கணக்கு உள்ள ஒருவர்தான் தொடங்க வேண்டும், அவர் குடும்பத்துக்கு என்ன உறவு, காசை எப்படி ஒப்படைப்பார் என்று அதிலேயே எழுத வேண்டும். அப்படிச் சொந்தம் இல்லாவிட்டால் அக்கா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தைப் பிடியுங்கள், வெளிநாட்டுக் கிளை இருந்தால் அவர்களுக்கு இது பழக்கம். அவர்களும் ஏமாந்து களைத்தவர்கள். எனவே நேரே ஹொஸ்பிட்டலுக்கு போன் பண்ணிக் கேட்கச் சொல்லுங்கள், பிள்ளையின் நோயாளி இலக்கத்தைக் கொடுங்கள். விரும்பினால் அந்த இலக்கத்துக்கே நேரடியாகக் கட்டட்டும், உங்கள் கைக்கு வராத காசுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. இங்கிருந்து அனுப்புவதும் எஸ்டிமேட்டையும் வைத்தியர் கடிதத்தையும் காட்டி வங்கி மூலமே. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பினால் கெதியாகப் போகும், நாலு காசு கூடவும் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது சட்டப்படி பிழை, அதோடு கையில் ஒரு பற்றுச்சீட்டும் இருக்காது. ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள், 2025 இலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளையின் படம் போடுவதில் எனக்கும் குழுவில் உள்ள பெடியளுக்கும் எப்போதும் சண்டை. வீங்கிய வயிறும் மஞ்சள் கண்ணுமாகச் சட்டையில்லாமல் எடுத்துப் போட்டால் காசு கூட வரும் என்பார்கள், வரும்தான். ஆனால் அந்தப் பிள்ளை சுகமாகி நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். சட்டை போட்டு, சிரிக்கிற ஒரு படம் போதும், அதையும் அக்காவிடம் கேட்டுத்தான்.

இன்னொன்று, சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டியது. காசு மிஞ்சினால் என்ன, பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் அந்தக் காசு என்ன? இதை நோட்டீஸிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். எங்கள் பக்கம் ஒரு பிள்ளை சென்னையிலேயே போய்விட்டது. திரும்பி வந்து கொஞ்ச நாளில் தகப்பன் கூரைக்கு சீற் இறக்கினார். உண்மையில் அந்தக் கிழமைதான் வீட்டுத்திட்டத்தின் அடுத்த தவணை வந்திருந்தது, ஆனால் "பிள்ளையின் காசில் வீடு" என்று கதை பரவிவிட்டது. அந்தக் காசு வேறு ஆட்கள் சேர்த்தது, கொப்பி என்று ஒன்று இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனிசன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வங்கிப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நல்லபடி நடந்தால் மிஞ்சுகிற காசுக்கு வேலை இருக்கிறது. புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மருந்து பிள்ளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். இங்கே அரச கிளினிக்கில் எது கிடைக்கும், எதை வெளியில் வாங்க வேண்டும் என்று நிபுணரிடம் இப்போதே கேட்டு, ஒரு வருட மருந்துக் காசையும் எஸ்டிமேட்டோடு சேருங்கள். பிறகு மாதம் மாதம் கொஞ்சம் போட ஐந்தாறு பேரைப் பிடித்து வைத்தால் அக்கா மறுபடி ஊரில் கையேந்தத் தேவையில்லை. எஸ்டிமேட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நோட்டீஸை அடிக்கக் கொடுக்க முதல் நான் ஒருக்கால் பார்த்துத் தருகிறேன்.