கிரியைக்கு எந்த இடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன். ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்ற எபேசியர் வசனம் சிறுவயதிலேயே மனப்பாடம். பெண் எடுத்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். மாமனார் நிறைய வாசிப்பவர். யாக்கோபு 2:24-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, “மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று உங்கள் வேதாகமத்திலேயே இருக்கிறதே” என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா? இரட்சிப்பில் கடவுளின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு? கிரியையால், அதாவது நற்செயலால், ஆகப்போவது ஒன்றுமில்லை என்றால் நல்லது ஏன் செய்யவேண்டும்?

இன்னொன்று. தவறு ஏதாவது செய்துவிட்டால் சில நாட்கள் என்னால் ஜெபிக்க முடிவதில்லை. நாலு நல்ல காரியம் செய்த பிறகுதான் வாய் வருகிறது. இது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடை அதற்குள் இருக்கிறது.

சரியல்ல. வாயால் ‘கிருபை’ என்று சொல்லிக்கொண்டே தகுதியைச் சம்பாதித்த பிறகு கடவுளிடம் போகிறீர்கள். இப்படிப்பட்ட நாட்களில் நாம் தேர்ந்தெடுக்கும் நல்ல காரியங்கள் எவை என்று கவனித்துப் பாருங்கள். ஒருவரை ஏமாற்றியிருப்போம், பிராயச்சித்தமாக வேறு யாருக்கோ தானம் செய்வோம், அல்லது ஒரு நாள் கூடுதலாக உபவாசம் இருப்போம். ஏமாந்தவருக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. நம் மனம் மட்டும் சமாதானமாகிவிடும். கிரியையை விலையாகக் கொடுக்கப் பார்க்கும்போது கிரியையும் கெட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

லூக்கா 19-இல் சகேயுவின் கதையை வரிசை பிசகாமல் வாசியுங்கள். வரி வசூலிப்பவர்களின் தலைவன் அவன். மரத்தின்மேல் இருக்கிறவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்கிறார். அதுவரை அவன் ஒருவருக்கும் எதையும் திருப்பிக் கொடுத்ததாகக் கதையில் இல்லை. அதனால்தான் கூட்டம் முறுமுறுக்கிறது. அதன் பிறகே அவன் எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7-இன் சட்டம். 100 காசு பிடுங்கியிருந்தால் 120 கொடுக்க வேண்டும். நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22 விதிக்கும் தண்டனை. சகேயு அந்தக் கணக்கைத் தன்மேல் தானே போட்டுக்கொண்டு 400 கொடுக்கிறான். கிருபை வந்தால் கிரியை குறையும் என்ற பயம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. பணமும் உரியவர்களுக்கே திரும்புகிறது.

உங்கள் மாமனார் இங்கே ஒன்று கேட்கலாம், கேட்பது நியாயமும்கூட: ‘இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொல்வது சகேயு அந்த வார்த்தையைக் கொடுத்த பிறகுதானே? ஆமாம். அழைப்பு முன்னால், அறிவிப்பு பின்னால், நடுவில் அவன் செயல். அந்த நடுவில் இருப்பதை என்னவென்று சொல்வது என்பதில்தான் 500 ஆண்டுகளாகச் சண்டை.

ஆகவே தவறிய அன்றைக்கே ஜெபியுங்கள். ஆலயத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்னது ஒரே வரி: ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ அந்த வரியோடு செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். ‘என் குறைகளை’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். அதன் பிறகு, பாதிக்கப்பட்டவர் யார், அவருக்கு என்ன திருப்பித் தரவேண்டும், எப்போது தரமுடியும் என்று பாருங்கள். மனம் லேசாகிவிட்டது என்பதற்காக இதை விட்டுவிட்டால் அது எதிர்ப்பக்கத்துத் தவறு. கடவுளிடம் மன்னிப்பு வாங்கியாயிற்று என்று சொல்லிக் கடன்காரர் தெருப்பக்கமே போகாத விசுவாசிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அந்த எதிர்ப்பக்கத்துத் தவறோடுதான் யாக்கோபு மோதுகிறார். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் ‘சமாதானத்தோடே போங்கள்’ என்று வாழ்த்தி அனுப்புகிறவர்கள் அவருடைய எதிராளிகள் (2:15-16). பவுலின் எதிராளிகள் வேறு. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட, யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனமும் பண்ணிக்கொண்டால்தான் கணக்கில் சேர்ப்போம் என்றவர்கள் அவர்கள். யாக்கோபு ‘விசுவாசம்’ என்று சொல்லித் தாக்குவது பிசாசுகளுக்கும் இருக்கிற விசுவாசத்தை. தேவன் ஒருவர் என்று அவைகளும் விசுவாசித்து நடுங்குகின்றன (2:19). பவுல் அதை ஒருநாளும் விசுவாசம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். கலாத்தியர் 5:6-இல் அவர் கேட்பது அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம்.

இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஆபிரகாமைத்தான். ரோமர் 4-இல் பவுல் நிற்பது ஆதியாகமம் 15:6-இன்மேல்: விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, விருத்தசேதனம் நடந்தபோது 99. நீதியாக எண்ணப்பட்டது இஸ்மவேல் பிறப்பதற்கும் முன்னால். குறைந்தது 13 ஆண்டு இடைவெளி. பவுலின் வாதம் முழுவதும் இந்தக் கால வரிசையில்தான் இருக்கிறது. வரிசை மாறினால் வாதமே விழுந்துவிடும். யாக்கோபு எடுப்பது ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த 22-ஆம் அதிகாரம், ஈசாக்கு விறகு சுமக்கிற வயதுக்கு வந்துவிட்ட காலம். அங்கே நின்றுகொண்டு 15:6 ‘நிறைவேறிற்று’ என்கிறார் (2:23). முன்பு எண்ணப்பட்டது பின்னால் மெய்யாயிற்று. இதை முரண் என்பவர்கள் பெரும்பாலும் 2:24-ஐ மட்டும் வாசித்து 2:23-ஐ விட்டவர்கள்.

பங்கு எவ்வளவு என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வண்டி தள்ளுகிற மாதிரி நினைத்தால் ஒருவர் கூடுதலாகத் தள்ளும்போது மற்றவருக்குக் குறையவேண்டும். பவுலின் கணக்கு அப்படி ஓடுவதில்லை. ‘அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது’ (1 கொரி. 15:10). பிலிப்பியருக்கு, இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று எழுதியவர் அடுத்த வரியிலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். உழைப்பு முழுவதும் பவுலுடையது, அதே உழைப்பு முழுவதும் கிருபையினுடையது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கடவுளோடு மனிதன் ஒத்துழைப்பதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். அவர்களும் அதைச் சரிபாதி என்று பிரிப்பதில்லை.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும், அதற்கான சுதந்திரத்தைக் கடவுள் படைப்பிலேயே கொடுத்துவிட்டார் என்றார். ‘நீர் கட்டளையிடுவதைத் தாரும், விரும்புவதைக் கட்டளையிடும்’ என்ற ஆயர் அகுஸ்தீனின் ஜெபம் அவருக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. ஒழுக்கத்தில் அக்கறையுள்ள யாருக்கும் அப்படித் தோன்றக்கூடியதுதான். பெலாகியுஸை வில்லனாக்கிவிட்டால் அவர் சொன்னது நமக்குள்ளும் இருப்பது தெரியாமல் போகும். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அவர் போதனையைத் தள்ளியது. தொடக்கம் நம்முடையது, மிச்சத்தைக் கிருபை பார்த்துக்கொள்ளும் என்ற சமரசத்தையும் 529-இல் தென்பிரான்ஸின் ஒராஞ்ச் நகரில் கூடிய சங்கம் ஏற்கவில்லை. விசுவாசிக்கவேண்டும் என்ற அந்த முதல் ஆசையே கிருபையின் வேலை என்றது. சரிபாதிக் கணக்கு அன்றைக்கே முடிந்துபோனது. இது கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் பொதுச் சொத்து.

நல்லது ஏன் செய்யவேண்டும் என்பதற்கு உங்களுக்கு மனப்பாடமான வசனத்தின் தொடர்ச்சியே பதில். எபேசியர் 2:8-9 எல்லோருக்கும் தெரியும். 10-ஆம் வசனம் நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. லூத்தரைப் பின்பற்றியவர்களுக்குள்ளேயே இதில் குழப்பம் வந்தது. இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார் கேயார்க் மாயோர். நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்கிற அளவுக்கே போய்விட்டார் ஆம்ஸ்டோர்ஃப். 1577-இல் முடிவான ‘ஃபார்முலா ஆஃப் கான்கார்ட்’ என்ற லூத்தரன் விசுவாச அறிக்கை இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே ஒதுக்கியது. கிரியை அவசியம்தான்; இரட்சிப்பைப் பெற்றுத்தருவது என்ற இடத்தில் மட்டும் அதை வைக்காதே என்றது. மத்தேயு 25-இல் வலதுபக்கம் நிற்பவர்கள் ‘எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?’ என்று திகைப்பதைக் கவனியுங்கள். நியாயத்தீர்ப்பு கிரியைகளின்படிதான் நடக்கிறது. அவர்கள் கையில் மட்டும் கணக்குப் புத்தகம் இல்லை.

மாமனாரிடம் பேசுவதைப் பற்றி. கிரியையால் இரட்சிப்பு என்று கத்தோலிக்கர் சொல்வதாக உங்கள் சபையில் கேள்விப்பட்டிருந்தால் முதலில் அதை இறக்கிவையுங்கள். சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுவதைப் பற்றி 1547 ஜனவரி 13-இல் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் கிரியைகளால் ஒருவன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. நீதிமானாக்கப்படுவதற்கு முன் உள்ள எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபைக்குத் தகுதி ஆகாது என்கிறது 8-ஆம் அதிகாரம். மாமனார் காட்டும் யாக்கோபு 2:24-ஐ அதே ஆணை எங்கே மேற்கோள் காட்டுகிறது என்று அவரிடமே கேளுங்கள். 10-ஆம் அதிகாரத்தில், ஏற்கெனவே நீதிமானாக்கப்பட்டவன் அந்த நீதியில் வளர்வதைப் பற்றிப் பேசும்போது. தொடக்கத்துக்கு அவர்களும் அந்த வசனத்தைப் பயன்படுத்தவில்லை.

அதற்காக வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிரியை பெற்ற நீதியின் கனியும் அடையாளமும் மட்டும்தான், அதன் வளர்ச்சிக்குக் காரணமல்ல என்பவனைத் திரெந்தின் 24-ஆம் விதி சபிக்கிறது. சீர்திருத்தச் சபைகளோ ஏறக்குறைய அதையேதான் போதித்தன. தான் கிருபையில் இருப்பதை ஒருவன் பிழைக்கு இடமில்லாத விசுவாச நிச்சயத்தோடு அறியமுடியாது என்கிறது 9-ஆம் அதிகாரம். உங்கள் சபையில் ‘இரட்சிப்பின் நிச்சயம்’ இருக்கிறதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்களே, உண்மையான இடைவெளி அங்கே இருக்கிறது. 1999 அக்டோபர் 31-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை, அடிப்படையில் ஒத்துப்போகிறோம், மிச்சமுள்ள வேறுபாடுகள் ஒருவரையொருவர் சபிக்கும் அளவுக்கானவை அல்ல என்றது. 2006-இல் மெதடிஸ்ட் உலக மன்றமும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்தன. அமெரிக்காவின் மிசூரி சினாட் போன்ற லூத்தரன் சபைகள் ஏற்கவில்லை. வார்த்தைகளை மழுப்பி வேறுபாட்டை மூடிவிட்டார்கள் என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன், குறிப்பாக அந்த 24-ஆம் விதி விஷயத்தில்.

இருவருமாக உட்கார்ந்து வாசிப்பதானால், லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 20-ஆம் பிரிவையும் திரெந்து ஆணையின் 5 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டுமே நீளமானவை அல்ல. ஒரு மாலைக்குள் முடியும். நீங்கள் திரெந்தையும் அவர் ஆக்ஸ்பர்க்கையும் உரக்கப் படிப்பது நல்லது. சாப விதிகளை முதல் நாள் தொடவேண்டாம்; அவை அதிகாரங்கள் சொல்வதன் மறுபக்கம், தனியாக எடுத்தால் இருவருக்கும் கோபம்தான் வரும்.